மேகமலையில் தொடங்கித் திருவக்கரை வரை: ஒரு கல்மரப் பயணம்

சின்னமனூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கல்மரம் கிடைக்காது. கம்பம் பள்ளத்தாக்கின் அடியிலும் இருபுற மலைகளிலும் இருப்பவை, பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள். அவற்றின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நிலத்தில் மரம் என்ற ஒன்றே தோன்றாத காலத்துப் பாறையில் மரத்தின் எச்சம் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருவக்கரைக்கும் போக வேண்டும். ஆனாலும் அந்தப் பயணத்தைச் சின்னமனூரில் தொடங்குவதே சரி என்பேன். முதல் நாள் மேகமலை, அடுத்த இரண்டு நாட்கள் கல்மரங்கள். இந்த வரிசையில் பார்த்தால்தான் கல் சொல்லும் செய்தி விளங்கும்.

கிளம்புவதற்கு முன் ஊரிலுள்ள மரவாடி ஒன்றில் தேக்குக் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையம் வளையமாகத் தெளிவாகத் தெரியும். மழைக்காலத்தில் வளர்வதும் கோடையில் இலை உதிர்த்து நிற்பதுமாக அந்த மரம் வாழ்ந்த கணக்கு அது. மழை குறைந்த ஆண்டில் வளையம் ஒடுங்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் அகலும். இந்தியாவின் பழைய பருவமழை வரலாற்றைத் தேக்கு வளையங்களை வைத்து ஆராய்கிறார்கள். ஆண்டு முழுதும் ஈரம் குறையாத காட்டில் வளரும் மரங்களில் இந்த வளையங்கள் மங்கலாக இருக்கும், பலவற்றில் தென்படவே தென்படாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மலை ஏறுங்கள்.

சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச்சாவடி வழியாக 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேகமலை. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை என்பதால் இரவில் அனுமதி இல்லை. விடிந்ததும் புறப்படுங்கள். அடிவாரத்தில் முட்காடு, ஏற ஏற இலையுதிர் காடு, உச்சியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளில் வெடிபலாவும் நாங்கும். சில மணி நேரப் பயணத்தில் மூன்று விதக் காடு. இந்த மாற்றத்துக்குப் பெருங்காரணம் மழையும் உயரமும்தான். ஓரிடத்தில் எந்த மரம் நிற்கிறது என்று தெரிந்தால் அங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கல்மர ஆய்வின் அடிப்படையே இதுதான்.

மறுநாள் திண்டுக்கல், திருச்சி வழியாகச் சாத்தனூர். திருச்சி–பெரம்பலூர் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே கிராமச் சாலையில் இறங்க வேண்டும். பேருந்து குறைவு, சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால் நல்லது. 18 மீட்டருக்கும் நீளமான ஒரே அடிமரம் அங்கே நிலத்தில் படுத்திருக்கிறது. 1940இல் அதை அடையாளம் கண்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் அத்துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். மரம் ஊசியிலை இனம். காலம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ். துருவங்களில் இன்றுள்ளது போன்ற பனிப்பாளங்கள் இல்லாத வெப்பமான பூமி அது. கடல்மட்டம் மிக உயர்ந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர் வரை அலையடித்தது. கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு வந்து ஆழமற்ற கடலில் புதைந்தது. அதே வட்டாரத்துக் காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளில் அம்மோனைட்டு போன்ற கடல் உயிரிகளின் எச்சங்கள் கிடைப்பது அந்தக் கடலுக்குச் சாட்சி. சாத்தனூரில் நிழல் மிகக் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

இரவு விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ தங்கிவிட்டு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் திருவக்கரையில் இருங்கள். சாய்ந்த ஒளியில்தான் கல்லின் மேல் மரநார் வரிவரியாக எழுந்து தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். சாத்தனூருக்கு நேரமில்லாதவர்கள் மதுரை வரை பேருந்தில் வந்து அங்கிருந்து விழுப்புரத்துக்கு ரயில் பிடிக்கலாம். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்று ஊர்களிலிருந்தும் திருவக்கரைக்கு வர முடியும். பௌர்ணமி அன்று அவ்வூர்க் கோயிலில் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். கல்மரமே நோக்கம் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். கோயிலுக்கு வருபவர்கள் கல்மரப் பூங்காவுக்குள் பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தேசியக் கல்மரப் பூங்காவின் மொத்தப் பரப்பு சுமார் 247 ஏக்கர், ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது சிறு பகுதி மட்டுமே. பாண்டிச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே இந்தக் கல்மரங்களைக் குறித்திருக்கிறார். கடலூர் மணற்கல் என்று புவியியலார் அழைக்கும் படிவில் உள்ள இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். சாத்தனூர் மரத்தோடு ஒப்பிட்டால் இவை மிக இளையவை.

உள்ளே நுழைந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது, இல்லாதவற்றை. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. எந்த மரமும் நின்ற நிலையில் இல்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. பெருவெள்ளம் இவற்றை வேறெங்கோ இருந்து உருட்டிக் கொண்டுவந்து மணலுக்குள் புதைத்தது என்று அறிஞர்கள் முடிவு செய்ததற்கு இவையே காரணம். ஆழப் புதைந்த மரத்துக்குக் காற்று எட்டாததால் அது அழுகவில்லை. மணலில் ஊறிய நிலத்தடி நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் படியவிட்டது. அப்படியே செல்லின் வடிவம் மாறாமல் மரம் கல்லானது. சில கட்டைகளில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் அந்த நீரில் கலந்திருந்த இரும்பின் வேலை.

ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்துப் போங்கள். அடிமரம் குறுக்காக உடைந்த முகத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும் கட்டைகள் உண்டு. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அவை. குழாய்கள் அகலமாக, சீராகப் பரவியிருந்து, வளையம் மங்கலாக இருந்தால் அந்த மரம் தண்ணீர்ப் பஞ்சம் அறியாமல் வளர்ந்தது என்று கொள்ளலாம். எந்த மரம் என்று சொல்வதற்கு வெறுங்கண் போதாது. கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 1950களில் சி.ஜி.கே. ராமானுஜம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கல்மரங்களை அப்படி ஆராய்ந்து எழுதினார். அவரும் பிறரும் இனங்கண்ட குடும்பங்களின் பெயர்களைக் கேட்டால் மேகமலையிலிருந்து வருகிற உங்களுக்கு வியப்பு மேலிடும். நாங்கும் புன்னையும் சேர்ந்த குடும்பம், மருதும் தான்றியும் சேர்ந்தது, கருங்குங்கிலியத்தின் குடும்பம், புளியின் குடும்பம், எல்லாவற்றுக்கும் மேலாக, கோங்கும் வெள்ளைக்குங்கிலியமும் சேர்ந்த டிப்டிரோகார்ப் குடும்பம். கடைசியில் சொன்ன குடும்பத்தின் பெருமரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளிலும் செழிக்கின்றன. கல்மரங்களில் ஓர் ஊசியிலை இனமும் உண்டு. அதற்கு நெருங்கிய வகையில் இன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் இயற்கையாக வளர்வது ஒரே ஒரு மரம், நிறம்பாலி.

வெளியே வந்து சுற்றிலும் பாருங்கள். சவுக்கு, முந்திரி, வேலிக்கருவை, மானாவாரி நிலம். இந்த மண்ணுக்கு மரங்களை அனுப்பிய ஆற்றின் மேல்பகுதியில் ஒரு காலத்தில் மேகமலை உச்சியை ஒத்த ஈரக் காடு இருந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மரம் வெள்ளத்தில் வந்தது என்பதால், அது சொல்வது வளர்ந்த இடத்தின் தட்பவெப்பத்தை. புதைந்த இடத்தினுடையதை அல்ல. இன்னொன்று, நிலமே நகர்ந்துகொண்டிருக்கிறது. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இன்றுள்ள இடத்துக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருந்தது. ஆகவே அன்றைய ஈரத்துக்குப் பூமியின் தட்பவெப்பம் பாதிக் காரணம் என்றால், நாம் இருந்த இடமும் ஒரு காரணம். ராஜஸ்தானில் தார் பாலைவனத்தின் நடுவே, ஜெய்சல்மேர் அருகிலுள்ள ஆகல் கல்மரப் பூங்காவில் சுமார் 18 கோடி ஆண்டு வயதுள்ள மரங்கள் கிடப்பதையும் இதே கவனத்தோடுதான் படிக்க வேண்டும். பாலைவனம் ஒருநாள் காடாக இருந்தது என்று ஒற்றை வரியில் முடிக்கிற கதை இல்லை அது.

மார்கழி, தை, மாசி மாதங்கள் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் திருவக்கரைப் பக்கம் வடகிழக்கு மழை வழிமறிக்கும். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பாடப்புத்தகத்தில் படித்ததை நேரில் தொட்டுவிடும் தூரத்தில் பார்ப்பார்கள். ஆனால் கல்மரத்தின் மேல் ஏறவோ பெயர் கீறவோ விடாதீர்கள். சில்லுகளைப் பைக்குள் போட்டுக்கொள்வதும் கூடாது. யாராவது விற்றால் வாங்கவும் வேண்டாம். இடத்தைவிட்டு அகன்ற கல்மரம் எந்த அடுக்கில், எந்த மரத்தோடு கிடந்தது என்ற தகவல் போய்விடுகிறது. அதன் பிறகு அதை வைத்து எந்தக் காலத்து மழையையும் கணக்கிட முடியாது. வேலிக்கு வெளியே வயலிலோ ஓடையிலோ ஒரு துண்டைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டு, பூங்கா ஊழியரிடம் இடத்தைச் சொல்லுங்கள்.