நிலத்தில் நிலைத்த அளவைகள்

திருத்தணி மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள் 365. அவற்றை எண்ண எளிய எண்ணறிவு போதும். மலையடிவாரத்தில் நிலம் வாங்குவோர்க்கோ அது போதாது. பழைய கிரயப் பத்திரம் ஏக்கர், சென்ட் என்கிறது. பட்டா ஹெக்டேர், ஏர் என்கிறது. வீட்டுமனை விற்பவர் சதுர அடியில் விலை சொல்கிறார். எல்லையைக் கடந்து ஆந்திரத்திற்குள் சென்றால் மனைக்குச் சதுர கெஜத்தில் விலை பேசுகின்றனர்.

அடி, கெஜம், ஏக்கர் ஆகியவை பிரிட்டானிய அளவை முறையைச் சார்ந்தவை. 12 அங்குலம் ஓர் அடி; 3 அடி ஒரு கெஜம்; 22 கெஜம் ஒரு சங்கிலி; 10 சங்கிலி ஒரு பர்லாங்கு; 8 பர்லாங்கு ஒரு மைல். இவ்வெண்கள் ஓர் ஒழுங்கில் அடங்குவதில்லை. இவற்றை மனப்பாடம் செய்த முந்தைய தலைமுறை மாணவர்கள் இரக்கத்திற்குரியவர்களே!

ஆயினும், இம்முறைக்குள் ஒரு பதின்மக் கணக்கு ஒளிந்திருக்கிறது. எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், 17ஆம் நூற்றாண்டில், 66 அடி நீளமுள்ள அளவுச் சங்கிலியை நூறு கண்ணிகளாகப் பகுத்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எனவே, ஓர் ஏக்கர் சரியாக ஒரு லட்சம் சதுரக் கண்ணியாயிற்று. அதில் நூற்றில் ஒரு பங்கே நாம் வழங்கும் சென்ட், அதாவது 435.6 சதுர அடி. ‘கிரவுண்டு’ என்பதோ பெயரால் மட்டுமே ஆங்கிலம். 24 மனை ஒரு காணி என்னும் பழைய வழக்கிலிருந்த மனையே 2400 சதுர அடி கொண்ட கிரவுண்டு.

இந்திய அரசு 1956இல் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நாடெங்கும் அளவைகளும் மாறிக்கொண்டிருந்தன. கடைகளிலிருந்து சேரும் வீசையும் விடைபெற்றன. நிலத்தில் மட்டும் பழைய அளவைகள் நிலைத்தன. அரிசி சமைத்தால் தீர்ந்துவிடும். அதனை அளந்த கணக்கும் அன்றே முடியும். நிலமோ தலைமுறைகளைக் கடந்து கைமாறுவது. ஒவ்வொரு புதிய பத்திரமும் மூலப்பத்திரத்தின் அளவையே திரும்ப எழுதுகிறது.

பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிடும்போதுதான் கவனம் வேண்டும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 40.47 ஏர். 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 48.56 ஏர் வரும். 40.47 என்பதை 40 எனச் சுருக்கினால் 48 ஏர்தான் கிடைக்கும். விடுபடுவது 600 சதுர அடிக்கும் மேல்; ஒரு சிறு வீடு கட்டப் போதுமான இடம்.