ஆர்மாமலைக் குகை

தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற ஆம்பூருக்கு அருகே மலையாம்பட்டு என்னும் சிற்றூர் உளது. அவ்வூரை ஒட்டி ஆர்மாமலை நிமிர்ந்து நிற்கின்றது. தோழர்கள் குழுவாகக் கூடிக் கரடுமுரடான வழியில் மேலேறினால், இயற்கையாய் அமைந்த குகையொன்றைக் காணலாம். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் சமண முனிவர் அதனைக் கோயிலாக்கினர். பாறைமேல் சுதை பூசி, தாமரைகளையும், ஆட்டுக்கிடாமீது துணைவியோடு அமர்ந்த அக்கினிதேவனையும் தீட்டினர். இவ்வோவியங்கள் சித்தன்னவாசலை நினைவூட்டும்.

காலத்தால் அழிந்தன போக எஞ்சியவை சிலவே. குகையுள் அடுப்பு மூட்டினால் புகை படியும். கை பட்டால் சுதை உதிரும். ஆதலின், மாணவர்களே, அங்குச் செல்லும்போது அடிவாரத்திலேயே சமைத்துத் தங்குங்கள். ஓவியங்களைக் கண்ணால் மட்டும் கண்டு மீளுங்கள். ஆயிரம் ஆண்டு கடந்து நின்ற கலையை அழிக்க ஒரு நொடி போதும்.