குளோரின் மாத்திரைக்குள் மயில்துத்தம்: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ‘பல பயன்’ குளோரின் மாத்திரை போட்ட சில மாதங்களில் சுவரெங்கும் நீலப்பச்சைக் கறை. குழந்தைகளுக்குக் கண் எரிச்சல். டப்பாவில் குளோரின் அளவு மட்டுமே அச்சாகியிருக்கிறது. இழப்பீடு கோர முடியுமா?

பதில்: குளத்து மாத்திரைகளில் பெரும்பாலானவை டிரைகுளோர். ‘பல பயன்’ வகையில் பாசியைக் கொல்ல மயில்துத்தமும், கலங்கலைப் படியவைக்கப் படிகார வகை உப்பும் சேர்ப்பதுண்டு. குளோரின் வெயிலில் போய்விடும். மயில்துத்தத்திலுள்ள செம்பு போகாது. தண்ணீரை மாற்றும்வரை சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் சுவரில் படியும். எதுவும் சேர்க்காத டிரைகுளோரும் சயனூரிக் அமிலத்தை விட்டுச்செல்கிறது. 1 லட்சம் லிட்டர் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.1 மில்லிகிராம். தொண்ணூறு மாத்திரைகளில் அது 100 மில்லிகிராமைத் தொடும்; அப்போது குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் மந்தமாகிவிடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு, தீங்கைத் தவிர்க்கப் போதிய பயன்பாட்டுக் குறிப்போ, தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையோ இல்லாத பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. மயில்துத்தம் கலந்ததில் குற்றமில்லை. செம்பு சேருவதையும் தண்ணீர் மாற்ற வேண்டியதையும் சொல்லாமல் விட்டதில்தான் வழக்கு நிற்கிறது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளானால், 86-ஆம் பிரிவின்படி விற்றவரே பதில் சொல்ல வேண்டும். உதிரியாக வாளியில் அள்ளி விற்கும் கடைக்கு இது பொருந்தும்.

விற்றவரின் முதல் ஆயுதம் 87-ஆம் பிரிவு: பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பது. குளத்துப் பணியாளர் மாத்திரைப் பெட்டியிலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டியிருந்தால் விற்றவர் மீதான வழக்கு ஏறக்குறைய முடிந்தது. (இவ்விரண்டும் கலந்தால் தீயும் வெடிப்பும் நேரக்கூடும், வழக்கு அப்புறம்.) எதிர்த்தரப்பின் அடுத்த வாதம், செம்பு குழாயிலிருந்தோ பம்பின் பித்தளைப் பாகத்திலிருந்தோ கரைந்திருக்கலாம் என்பது. டிரைகுளோர் அமிலத்தன்மை உடையது, உலோகத்தை அரிக்கும். ஆகவே தண்ணீரைச் சோதித்தால் போதாது. பிரிக்காத மாத்திரை ஒன்றும், டப்பாவும், பில்லும், குளப் பதிவேடும் கையில் இருக்க வேண்டும். 38-ஆம் பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கைக்கு 45 நாள், கட்டணம் புகார்தாரருடையது.

சுவர்க்கறைக்கான கோரிக்கை வலுவானது, ஏனெனில் மாத்திரையைத் தவிர வேறு சொத்துக்கு நேர்ந்த சேதம் அது. கண் எரிச்சல் அப்படியல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினே அதற்கு அடிக்கடி காரணம். மருத்துவச் சான்று இல்லாமல் அதை முன்வைப்பது மொத்த மனுவையும் பலவீனமாக்கும்.

மனுவில் யார் பெயர்? அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த சங்கம் தன்னார்வ நுகர்வோர் சங்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சோபா ஹைபிஸ்கஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பில் சங்கத்தின் பெயரில் இருந்தாலும் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களும் தங்கள் பெயரில் சேருவது பாதுகாப்பு. வாங்கியவரின் அனுமதியோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே. எந்த ஆணையத்தை அணுகுவது என்பது கோரும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. செலுத்திய விலையைப் பொறுத்தது. அது 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு உரியது. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. கறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தாக்கலாக வேண்டும்.