குணம் வேறு, மனச்சோர்வு வேறு

பதின்ம வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி முடங்கிப்போனால், “அவளின்ர குணமே அப்படித்தான்” என்று வீட்டார் சொல்லிவிடுவதுண்டு. இது தவறு. குணம் சிறுவயது முதல் கூடவே வருவது. மனச்சோர்வோ ஒரு காலத்தில் தொடங்குவது, சிகிச்சையால் பெரும்பாலும் தணிவது. எப்போதும் குறைவாகப் பேசி, இரண்டு தோழிகளோடு மகிழ்ச்சியாக இருக்கும் பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லை. கலகலப்பாகத் திரிந்தவள் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தால் அவளைத்தான் கவனிக்க வேண்டும். இந்த வயதில் பல வேளைகளில் சோகத்தை மறைத்துக்கொண்டு கோபம் முன்னே நிற்கும். வாய் நீண்டுவிட்டது என்று அதற்கு ஏச்சு விழுவது பெரிய அநியாயம்.

குணத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே இல்லை என்பதும் சரியல்ல. நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதின்மூன்றரை முதல் பதினைந்தரை வயது வரையிலான 550 பெண்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எளிதில் கலங்கும் இயல்பும், மகிழ்ச்சியை உணரும் தன்மைக் குறைவும் உள்ளவர்களுக்கு முதல் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அது வாய்ப்பு மட்டுமே. அதே இயல்போடு நோயின்றி வளர்கிறவர்கள் ஏராளம்.

பருவமடைவதற்கு முன் ஆண், பெண் பிள்ளைகளிடையே மனச்சோர்வு ஏறக்குறைய சமமாகவே காணப்படும். பதின்ம வயதின் நடுப்பகுதியில் பெண்பிள்ளைகளிடம் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. காரணம் ஹோர்மோன் மட்டுமல்ல. நடந்ததையே மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் பழக்கமும், தலையில் ஏறும் பொறுப்புகளும் அதில் சேர்கின்றன. தாய் வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபின் அடுப்பையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மூத்த மகள் புத்தளம் கரையோரத்துக்குப் புதியவளல்ல. அவளைப் “பொறுப்பான பிள்ளை” என்று புகழ்வதோடு ஊர் நின்றுவிடுகிறது.

தீராத தலையிடியும் உடம்பு நோவும் கண்ணூறாலோ ஜின்னாலோ வருகின்றன என்ற நம்பிக்கையும் இங்கே உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் வாழும் முஸ்லிம்களிடையே நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. வளர்ந்தவர்கள் 450 பேரில் 18.8 சதவீதத்தினருக்குப் பொதுவான உளநலக் கோளாறு ஏதோ ஒன்று இருந்தது. உடல் நோவாக வெளிப்படும் கோளாறு 14 சதவீதம்; கடும் மனச்சோர்வு 5.1 சதவீதம். ஆய்வு பிள்ளைகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் மனத்துயர் உடம்பின் வழியாக இப்படிப் பேசும் வீடுகளில்தான் பிள்ளைகளும் வளர்கிறார்கள். ஓதிப் பார்ப்பதும் நூல் கட்டுவதும் மனதுக்கு ஆறுதல் தரலாம். வைத்தியரிடம் போவதை அவை தள்ளிப்போடக் கூடாது. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, சாகும் எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம். அப்படி நடப்பதில்லை. அமைதியாக, நேராகக் கேட்பது பிள்ளைக்கு வாய் திறக்க வழி தருகிறது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.