கேட்டலும் சொல்லலும்: நன்னூல் காட்டும் நெறி

இல்லறத்தாராகிய நம்மைச் சாவகர் என்று நூல்கள் வழங்குகின்றன. ‘சிராவகர்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமே அது. கேட்போர் என்பது அதன் பொருள். பெயரிலேயே கேட்டலைத் தாங்கிய நம் இல்லங்களில் கேட்கும் பழக்கம் தளர்ந்தால், அறம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

வந்தவாசி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் பிள்ளைகள் ஜினாலயத்திலும் திண்ணையிலும் பெரியோர் சொல்லக் கேட்டே அறம் பயின்றனர். சென்னையில் குடியேறிய குடும்பங்களுக்கு அவ்வாய்ப்புக் குறைவு. இரும்புச் சந்தையும் லாரிகளும் ஓயாது ஒலிக்கும் சாத்தாங்காட்டில் பாட்டியின் குரல் பேரனின் செவியை எட்டுவதே அரிது. ஆயினும் ஓசையினும் பெரிய தடை ஒன்றுண்டு. அது கேட்போரின் நிலை அறியாமல் சொல்லுதல்.

சீயகங்கன் வேண்டுகோளின்படி 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்துச் சான்றோர். இலக்கணம் தொடங்குமுன் பாயிரத்தில் அவர் கேட்போரை வகைப்படுத்துகிறார். நல்லதைப் பிரித்துக்கொள்ளும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் போன்றோர் முதல் மாணாக்கர். உழைப்பின் அளவே பயன்தரும் நிலமும், சொன்னதையே சொல்லும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் பன்னாடை போன்றோர் கடைமாணாக்கர்.

இவ்வாறு கேட்போரைப் பகுத்த முனிவர், சொல்வோரையும் விட்டுவிடவில்லை. காலமும் இடமும் அறிந்து, விரையாமல், வெகுளாமல், முகமலர்ந்து, கொள்வோன் கொள்ளும் வகையறிந்து கற்பிக்கவேண்டும் என்கிறார்.

இரவுணவு தவிர்த்தலை எடுத்துக்கொள்வோம். தனிப்பயிற்சி முடிந்து இருட்டியபின் பசியோடு வரும் சிறுவனிடம் “பாவம்” என்று மட்டும் சொன்னால் அவன் செவி மூடிக்கொள்ளும். முதலில் அவன் பசியையும் கேள்வியையும் கேட்கவேண்டும். பின்னர் விடுமுறை நாளொன்றின் அந்திப்பொழுதில் விளக்கைச் சூழும் சிற்றுயிர்களைக் காட்டி, அவை உணவில் விழுந்து மடிவதை விளக்கினால் கொல்லாமையின் நுட்பம் அவனுக்கே புலனாகும். மாலைச் சிற்றுணவைக் கையில் கொடுத்தனுப்பினால் கடைப்பிடிக்கவும் வழி பிறக்கும்.

இன்னொன்று. ஆசிரியரிடம் கேட்பதால் கல்வியில் காற்பங்கே வாய்க்கும். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய பாதி நிரம்பும் என்பது நன்னூல் கணக்கு. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்ததும் எழுந்துவிடலாகாது. கேட்டதைத் தம்பிக்கோ தங்கைக்கோ தம் சொற்களில் சொல்லச் செய்து, இடைமறிக்காமல் நாம் கேட்கவேண்டும். பெரியோர் கேட்கும் வீட்டில் பிள்ளைகளும் கேட்பர். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.