சோப்பு உறையில் முயல் படம்: வாங்கும் முன் தம்பதியர் கவனிக்க வேண்டியவை



குடும்ப நலம் என்றால் பிரசவம், தடுப்பூசி, அளவான குடும்பம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. துணிக்கும் பாத்திரத்துக்கும் தரைக்கும் தினமும் போடுகிறோமே சோப்பு, பவுடர், ஃபினாயில், அவையும் குடும்ப நலத்தில் சேர்ந்தவைதான். இப்போது அண்ணாச்சி கடையில் தொங்குகிற பாக்கெட்டுகளில் புதுப் புது வார்த்தைகள் வருகின்றன. 'உயிர்வதை இல்லாதது' என்று ஒன்று. 'வீகன்' என்று ஒன்று. 'இயற்கையைக் காப்பது' என்று இன்னொன்று. பக்கத்தில் ஒரு முயல் படமோ பச்சை இலையோ போட்டிருக்கும். விலையும் பத்து ரூபாய் கூட இருக்கும்.

"இதெல்லாம் பட்டணத்துக்காரவுக விவகாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். காசு கொடுப்பது நீங்கள். அந்த நுரை போய்ச் சேருவது நம் வாய்க்காலில். ஆகவே நமக்கும் உண்டு விவகாரம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மூன்று வார்த்தைகளுக்கும் பொருள் ஒன்றல்ல. 'வீகன்' என்றால் ஆடு, மாடு, தேனீ என்று எந்த உயிரிடமிருந்தும் எடுத்த பொருள் அதில் சேரவில்லை என்று அர்த்தம். 'உயிர்வதை இல்லாதது' என்றால் விலங்குகளின் மேல் அதைப் போட்டுச் சோதிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, மண்ணையும் நீரையும் அது கெடுக்கிறதா என்ற கேள்வி. ஒன்று சரியாக இருப்பதால் மற்ற இரண்டும் சரி என்று எண்ணிவிடக் கூடாது.

சோப்பு என்பது எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு சேர்ந்து உண்டாவது. 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் நாடெங்கும் கிளம்பி, அந்தக் கொழுப்பின் இறக்குமதியையே மத்திய அரசு தடை செய்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் சோப்புத் தொழிலுக்கு அது கப்பலில் வந்துகொண்டிருந்தது. இன்று உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். 'டாலோவேட்' என்று இருந்தால் அது மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு. 'பாமேட்' என்றால் பாமாயில். 'கோகோவேட்' என்றால் தேங்காய் எண்ணெய். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டு வழியிலும் வந்திருக்கலாம். கம்பெனியைக் கேட்டால்தான் தெரியும். உணவுப் பொட்டலத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி சில சோப்பு உறைகளிலும் இருக்கிறது. அது எதில் செய்தது என்பதை மட்டும் சொல்லும். முயலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கண்டிப்பாகப் பார்த்தால், வாசலில் சாணி தெளிப்பதும் கோமியம் சேர்த்த தரைத் திரவமும் 'வீகன்' கணக்கில் வராது. அதற்காக மாட்டை வதைக்கிறோம் என்று ஆகிவிடுமா? இது அவரவர் மனசைப் பொறுத்தது. சுகாதாரத் துறை இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் தொப்புளில் மட்டும் சாணியோ சாம்பலோ படவே கூடாது.

இனி முயல் சமாச்சாரம். 1944-இல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவர் ஒரு சோதனை முறையை வகுத்தார். முயலின் கண்ணில் மருந்தை விட்டு, நாள் கணக்கில் கண் சிவக்கிறதா, புண்ணாகிறதா என்று பார்ப்பது. அழகுப் பொருளுக்கும் துப்புரவுப் பொருளுக்கும் உலகமெங்கும் இப்படித்தான் வெகுகாலம் நடந்தது. நம் நாட்டில் 2014-இல் அழகுப் பொருள்களை விலங்குகளின் மேல் சோதிப்பது தடை செய்யப்பட்டது. அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டில் தடை வந்தது. ஆனால் அந்தத் தடை ஸ்னோ, பவுடர், ஷாம்பு வகைகளுக்கு. துணிப் பவுடர், ஃபினாயில், கழிப்பறை ஆசிட் அதில் வராது. இதைத் தெரியாமல் "சட்டமே இருக்குல்லா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு.

முயல் படத்திலும் விஷயம் இருக்கிறது. வெளியாட்கள் கணக்கு வழக்கைப் பார்த்து, சம்மதித்துக் கொடுக்கிற முத்திரை ஒன்று. மேல்நாடுகளில் துள்ளும் முயல் முத்திரை அப்படிப்பட்டது. கம்பெனிக்காரர் தாமே வரைந்துகொள்கிற முயல் இன்னொன்று. முத்திரை கொடுத்த சங்கத்தின் பெயர் கூட இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாத முயல் வெறும் படம். வாசகத்தையும் நிதானமாகப் படியுங்கள். 'தயாரித்த பொருள் சோதிக்கப்படவில்லை' என்று இருந்தால், அதில் சேர்ந்த சரக்குகளைச் சோதித்தார்களா என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. நம் நாட்டில் இதற்காகவே உழைக்கிற சங்கம் புனேயில் இருக்கிறது. 'பியூட்டி வித்தவுட் குரூயல்ட்டி' என்று பெயர், 1974-இல் தொடங்கியது.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. 'இயற்கை', 'பசுமை', 'உயிர்வதை இல்லாதது' போன்ற சொற்களை ஆதாரம் காட்டாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே ஆதாரம் எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருவோம். நம் ஜில்லாவில் இதுதான் பெரிய கேள்வி என்பது எங்கள் எண்ணம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணிக்குச் சுமார் 128 கிலோமீட்டர் நீளம். வழியில் எட்டு அணைக்கட்டுகள், ஸ்ரீவைகுண்டம் கடைசி. வயலுக்கும் அதே தண்ணீர், குடத்துக்கும் அதே தண்ணீர். அம்பாசமுத்திரத்தில் துவைத்த நுரை கீழே இருப்பவர்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிற பக்கம்தான் போகிறது. 2025-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாபநாசத்தில் ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் சோப்பும் ஷாம்புவும் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கோர்ட்டு தலையிடுகிற அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது.

டிடர்ஜென்ட் பவுடர் புதிதாக வந்த காலத்தில், 1950-களில், மேல்நாட்டு ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. பிறகு 1960-களில், நீரில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று கரைக்கக்கூடிய வகைக்கு மாற்றினார்கள். ஓடுகிற நீரில், காற்றுப் படுகிற இடத்தில் அது கரையும். கோடையில் வற்றி நிற்கிற குளத்தில் சீக்கிரம் கரையாது. சில பவுடர்களில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். பயிருக்கு உரம் எப்படியோ, பாசிக்கும் அமலைச் செடிக்கும் பாஸ்பேட் அப்படி. ஆற்றில் அமலை மண்டுவதற்குச் சாக்கடை பெரிய காரணம் என்றாலும், சோப்புத் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்கிறது. 'பாஸ்பேட் இல்லை' என்று போட்ட பவுடர் கிடைத்தால் அதை வாங்குங்கள். அளவையும் குறையுங்கள். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது தவறு.

ஆற்றுத் தண்ணீரில் சாதாரண எண்ணெய்ச் சோப்பே நன்றாக நுரைக்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் உள்ள ஊர்களில் சோப்பு திரிந்து வெள்ளைக் கசடாகிவிடும். அங்கே பவுடரைத் தவிர்ப்பது கஷ்டம்தான். இந்த வித்தியாசத்தைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே புத்திமதி சொல்வதில் பயனில்லை.

'வீகன்' சோப்பிலும் பாமாயில் இருக்கலாம் என்று பார்த்தோம். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடுகளை அழித்து அந்த மரத்தை வைத்திருக்கிறார்கள். காட்டோடு போன உயிர்கள் எந்தப் புள்ளியிலும் தெரியாது. நம் அரசாங்கம் 1991-இலேயே மண்பானைப் படம் போட்ட 'ஈகோமார்க்' முத்திரையைக் கொண்டுவந்தது. சோப்பும் டிடர்ஜென்டும் அதில் உண்டு. 2024-இல் அதற்குப் புது விதிகள் வந்தன. கடையில் அந்தப் பானையைக் காண்பது அபூர்வம், கண்டால் விடாதீர்கள்.

"அப்போ எங்க ஆச்சி மாதிரி பூந்திக்கொட்டைக்கே போயிரலாமா?" நல்ல யோசனைதான். நாலைந்து கொட்டையின் விதையை நீக்கி, தோலை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கசக்கி வடிகட்டினால் பட்டுத் துணியும் மென்மையான துணியும் துவைக்கலாம். பாத்திரத்துக்கு விறகுச் சாம்பல், பித்தளைக்குப் புளி, தேய்க்கப் பீர்க்கங்கூடு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பூந்திக்கொட்டையில் நுரை தருகிற சத்து மீனுக்கு விஷம். இப்படிப்பட்ட நுரைக்காய்களை நீரில் கலக்கி மீனை மயங்கடித்துப் பிடிப்பது பல நாடுகளில் பழைய வழக்கம். இயற்கையானது என்று குளத்தில் கொட்டினால் உயிர்வதை நம் கையாலேயே நடக்கும். சோப்புத் தண்ணீரோ கொட்டைத் தண்ணீரோ, துறையில் விடாமல் வீட்டுப் பக்கம் உறிஞ்சுகுழியில் விடுங்கள். குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

வீட்டுக்குள் இருக்கும் உயிர்களையும் பாருங்கள். ஃபினாயில் பூனைக்கு மிகவும் ஆகாது. தரை காயும் வரை உள்ளே விட வேண்டாம். ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே கழிப்பறையில் ஒரே சமயம் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆசிட், ஃபினாயிலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்குக் கலரும் ஃபினாயிலும் ஒன்றுபோலத் தெரியும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயை மட்டும் கழுவி, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள், பிறகு ஆஸ்பத்திரி.

பல வீடுகளில் வாங்கி வருகிறவர் ஒருவர், துவைத்துக் கை வெந்துபோகிறவர் இன்னொருவர். உறையைப் படிக்கிற வேலை இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். அந்த உறையிலேயே கம்பெனி விலாசமும் தொலைபேசி எண்ணும் அச்சிட்டிருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இருவரும் உட்கார்ந்து, மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் கொழுப்பு, கிளிசரின் எதிலிருந்து வந்தது? சரக்கையோ சேர்மானத்தையோ எந்த விலங்கின் மேலாவது சோதித்தீர்களா? பாஸ்பேட் உண்டா? தமிழிலேயே கேட்கலாம். மழுப்பினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.