கொள்முதல்: விலை வேறு, செலவு வேறு

ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவையும் விற்பனைப் பிரிவையும் எல்லோரும் அறிவார்கள். கொள்முதல் பிரிவு என்றால் மட்டும், "பணத்தைக் கொடுத்துச் சாமான் வாங்குவதுதானே, இதில் என்ன இருக்கிறது?" என்பார்கள். புனே, பிம்ப்ரி வட்டாரத்தில் நெடுங்காலம் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில், நம் இளைஞர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன்.

லாபம் பிறக்கும் இடம்

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு நிறுவனம் 100 ரூபாய்க்கு விற்கிறது. அதில் 60 ரூபாய் வெளியிலிருந்து வாங்கும் பொருள்களுக்குப் போகிறது. எல்லாச் செலவும் போக லாபம் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதலில் நூற்றுக்கு 2 வீதம் மிச்சம் பிடித்தால் 1 ரூபாய் 20 காசு அப்படியே லாபத்தில் சேரும். இதே தொகையை விற்பனையால் ஈட்ட வேண்டுமானால், இன்னும் 15 ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். வாங்கும் மேஜையின் மதிப்பு இதுதான்.

மலிவு விலையின் மறுபக்கம்

ஆனால் இதே கணக்கு சிலரைத் தவறான வழிக்கும் இழுத்துவிடும். யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே ஆர்டர் என்று முடித்துவிடுவார்கள். ஆண்டுக்கு 1,000 பேரிங் தேவை என்று கொள்வோம். முதல்வர் 400 ரூபாய் கேட்கிறார், இரண்டாமவர் 440. நாற்பதாயிரம் மிச்சம் என்று தோன்றும். முதல்வரிடம் லாரி வாடகை நம்முடையது: 15,000. சரக்கைப் பரிசோதிக்க 12,000. சரக்கு நேரத்துக்கு வராமல் இரண்டு முறை இயந்திரம் நின்றால் 30,000. ஆக மொத்தம் 4,57,000. இரண்டாமவர் வாசலில் கொண்டுவந்து இறக்குகிறார். பரிசோதனைக்கு 3,000 போதும். மொத்தம் 4,43,000. விலை கூடுதல், செலவு குறைவு!

அரசுத் துறையும் இதை உணர்ந்திருக்கிறது. சில வகைப் பணிகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தர 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வழி செய்தது.

எவ்வளவு வாங்குவது?

ஒவ்வொரு ஆர்டருக்கும் விலைப்புள்ளி கேட்பது, ஒப்பிடுவது, சரக்கை இறக்குவது, பில்லைச் சரிபார்ப்பது என்று செலவு உண்டு. அதற்குப் பயந்து மொத்தமாக வாங்கிக் குவித்தால், பருப்பில் வண்டு விழுவதுபோல, வட்டியும் கிடங்கு வாடகையும் சரக்கைத் தின்னும். இவ்விரண்டுக்கும் நடுவழி காண, 1913-இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் தந்தார். ஆண்டுத் தேவை 2,400. ஓர் ஆர்டரின் செலவு 300 ரூபாய். ஓர் உருப்படியை ஓராண்டு வைத்திருக்க 4 ரூபாய் எனில், ஒருமுறைக்கு 600 வாங்குவதே உத்தமம். அப்போது நான்கு ஆர்டர்களின் செலவு 1,200; சராசரி இருப்பான 300-ஐ வைத்திருக்கும் செலவும் அதே 1,200.

பில் தூங்கினால்

யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. அதுதான் தாமதமான பட்டுவாடா. 30 நாளில் தர வேண்டிய பணத்தை 120 நாளில் தருவது சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போசரியில் நாலு லேத் வைத்திருக்கும் சிறு முதலாளி அந்த 90 நாளுக்கு எங்கே போவார்? 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவார். அது சரக்கின் விலையில் ஏறக்குறைய 3 சதவீதம். அடுத்த விலைப்புள்ளியில் அதைச் சேர்த்துவிடுவார். பெரிய நிறுவனத்துக்கு 9 சதவீதத்தில் கடன் கிடைக்குமானால், அந்த 90 நாளுக்கு அதன் மிச்சம் சுமார் 2.2 சதவீதமே. விலையில் சேர்க்க முடியாத முதலாளி பட்டறையையே மூடுவார். அவரிடம் தொழில் கற்ற பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவார்கள். நல்ல சப்ளையர் ஒருவரை இழந்தால் இன்னொருவரை உருவாக்க ஆண்டுகள் ஆகும்.

சட்டமும் குறு, சிறு தொழில்களின் பக்கம் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு கடிவாளமும் போட்டது: கெடு கடந்து நிற்கும் பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம்.

ஆகவே, இத்துறைக்கு வரும் இளைஞர்கள் ஒவ்வொரு ஆர்டரிலும் நான்கு கேள்விகள் கேட்டுப் பழக வேண்டும். நம் வாசலுக்கு வந்து சேரும்போது விலை என்ன? தரம் குறைந்தால் என்ன நஷ்டம்? எவ்வளவு நாள் கிடங்கில் கிடக்கும்? கொடுத்தவருக்குப் பணம் என்றைக்குப் போகும்? முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர் சாமான் வாங்குபவர். நான்கையும் கேட்பவரே கொள்முதல் அதிகாரி.